மாங்கா கலைஞர்களும் இயக்குநர்களும் காட்டித் தரும் ஜப்பான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும், படம் பார்க்கிற நண்பர்களும் மாங்கா படிக்கிற அக்கா பிள்ளைகளும் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். மாங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்கிற மாங்கா இல்லை. இதையும் கேட்கிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் கலைஞர்களே "எனக்குப் பிடித்த இடம்" என்று சொன்னவையா?

எல்லாம் அப்படி இல்லை. சில இடங்களை அவர்களே சொல்லியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். பழைய தலைமுறை இயக்குநர் யசுஜிரோ ஓசு தனக்குப் பிடித்த சாப்பாட்டுக் கடைகளைக் குறித்து வைக்க ஒரு சின்ன நோட்டே வைத்திருந்தார். சில இடங்களைச் சொல்லவில்லை, ஆனால் படத்துக்குப் படம் அங்கேயே போய் நிற்பார்கள். அதுவும் ஒருவகையில் சொன்ன மாதிரிதான். மூன்றாவது வகை, ஊர் நிர்வாகம் சிலை வைத்து, போர்டு மாட்டி "இது அவருடைய ஊர்" என்று அறிவித்தது. அதில் பாதி வியாபாரம். கீழே எது எந்த வகை என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

டோரேமானை வரைந்தவர்கள் இருந்த வீட்டைப் பார்க்க முடியுமா?

அந்த வீடு இப்போது இல்லை, அதன் நகல் இருக்கிறது. டோக்கியோவில் தொஷிமா வார்டில், மினாமி-நாகசாகி என்ற பகுதியில். (பெயரில் நாகசாகி இருந்தாலும் அணுகுண்டு விழுந்த ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) வீட்டின் பெயர் தோக்கிவாசோ. 1952-இல் கட்டிய இரண்டு மாடி மரக்கட்டிடம். நம் ஊர் மேன்ஷன் மாதிரி: ஆளுக்கு ஓர் அறை, சமையல் கட்டும் கழிப்பறையும் பொது, குளிக்கத் தெருவில் உள்ள பொதுக் குளியலறைக்குப் போக வேண்டும். அறை நாலரை பாய் அகலம். நம் கணக்கில் சுமார் 80 சதுர அடி.

மாங்காவின் பிதாமகர் என்று எல்லோரும் கும்பிடுகிற ஒசாமு தெசுகா 1953-இல் இங்கே குடிவந்தார். மறுவருடம் அவர் காலி செய்தபோது அந்த அறைக்கு வந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்த இரண்டு நண்பர்கள். இருவரும் சேர்ந்து ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற ஒரே பெயரில் வரைந்தார்கள். கையில் அட்வான்ஸ் பணம் இல்லாத அந்தப் பையன்களுக்காக தெசுகா தன் அட்வான்ஸையும், கூடவே தன் மேஜையையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார். டோரேமான் பிறந்தது பல வருடம் கழித்து. ஆனால் அந்த இரட்டையர் நிலைத்து நின்று வரைய ஆரம்பித்தது இந்த அறையில்தான். ஷோதாரோ இஷினோமோரி, ஃபுஜியோ அகாட்சுகா எல்லோரும் இதே மாடியில் இருந்தவர்கள். குளிக்கக் காசு இல்லாதபோது பொதுச் சமையல் கட்டின் தொட்டியிலேயே குளித்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

வீட்டை 1982-இல் இடித்துவிட்டார்கள். 2020 ஜூலையில் பக்கத்துப் பூங்காவில் அதே அளவில் திரும்பக் கட்டி அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். படியேறும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். பழசாகிப்போனதால் வருவதில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மாடியில் பொதுச் சமையல் கட்டும் கழிப்பறையும்கூட அச்சு அசல். பிரமாதமான ஓவியத்தைப் பார்க்கலாம் என்று போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்த அறையின் அளவைப் பார்க்கப் போக வேண்டும். இரண்டு பேர், ஒரு மேஜை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

ஓயெதோ சுரங்க ரயில் பாதையில் ஒச்சியாய்-மினாமி-நாகசாகி நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

அங்கே சாப்பிட ஏதாவது?

மாட்சுபா என்று ஒரு பழைய ராமென் நூடுல்ஸ் கடை. அந்தப் பையன்கள் சாப்பிட்ட கடைதான், மாங்காவிலும் வருகிறது. இன்னொன்று, அவர்கள் குடித்த சரக்கு. அண்ணன் ஸ்தானத்தில் இருந்த ஹிரோவோ தெராதா, ஷோச்சூ என்கிற மலிவு மதுவில் இனிப்புச் சோடாவைக் கலந்து "சூடா" என்று பெயர் வைத்தார். பெயரில்தான் சூடு, சாராயம் ஜில்லென்றுதான் இருக்கும். தம்பிகளுக்குக் கடன் கொடுத்தவர், சண்டையை விலக்கிவைத்தவர், எல்லாம் அவர்தான். மற்றவர்கள் பெரிய ஆளானார்கள். அவர், மாங்கா போகிற போக்கு தனக்கு ஒத்துவரவில்லை என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாடியில் அவர் பெயரைப் பார்க்கும்போது எனக்கு மற்ற எல்லோரையும்விட அவர்தான் நினைவில் நின்றார்.

பெண் மாங்கா கலைஞர்களுக்கு இப்படி இடம் இல்லையா?

தோக்கிவாசோவிலேயே ஒருவர் இருந்தார், ஹிதெகோ மிசுனோ. 1958-இல் சில மாதங்கள். இஷினோமோரி, அகாட்சுகாவோடு சேர்ந்து மூவரும் ஒரே புனைபெயரில் வரைந்தார்கள்.

பெரிய கதை அதற்குப் பிறகு வருகிறது. 1970-இல், நெரிமா வார்டின் ஓயிசுமியில் ஒரு வரிசை வீட்டில் மோதோ ஹாகியோ, கெய்கோ தாகெமியா என்ற இருபது வயதுப் பெண்கள் இருவர் சேர்ந்து குடியேறினார்கள். சுற்றிலும் முட்டைக்கோஸ் வயல். மற்ற பெண் கலைஞர்களும் வந்து தங்கிப் போனார்கள். பெண்களுக்கான மாங்காவின் முகத்தையே மாற்றியவர்கள் அவர்கள். பிற்காலத்தில் ரசிகர்கள் அதற்கு "ஓயிசுமி சலோன்" என்று பட்டம் கட்டி, பெண்களின் தோக்கிவாசோ என்று கொண்டாட ஆரம்பித்தார்கள். சில வருடத்திலேயே அந்த வீடு கலைந்துவிட்டது.

2016-இல் தாகெமியா அந்த நாட்களைப் பற்றி எழுதினார். உடனே நாடகம் எடுக்கலாமா, பேட்டி தருகிறீர்களா என்று ஹாகியோவின் பக்கம் கூட்டம் வந்தது. 2021-இல் ஹாகியோவும் ஒரு புத்தகம் எழுதினார். சாராம்சம்: அந்த வீட்டில் நட்பு முறிந்தது, எனக்கு வலித்தது, மறக்க நினைக்கிறேன், தயவுசெய்து இனி அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ரசிகர்கள் கோயிலாகக் கும்பிடுகிற இடம் கலைஞருக்குக் காயமாக இருக்கலாம். "பிடித்த இடம்" என்ற பேச்சில் நாம் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதைப் படித்த பிறகுதான். வீடு இப்போது இல்லை, தேடிப் போகவும் வேண்டாம். ஓயிசுமி-காகுவென் ரயில் நிலையத்து வாசலில் ஆஸ்ட்ரோ பாய், லாம், மேடெல் என்று மாங்கா பாத்திரங்கள் எல்லாம் ஆளுயரச் சிலையாக நிற்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

மாங்கா கலைஞர்கள் காப்பிக்கடையில் உட்கார்ந்து வரைவார்களாமே, எந்தக் கடை?

வரைவது வீட்டில், யோசிப்பது காப்பிக்கடையில். கதையைக் கட்டம் பிரித்து, வசனம் எழுதி, ஆட்களைத் தீக்குச்சி மனிதர்களாகக் கிறுக்கி வைக்கிற முதல் வரைவுக்கு அவர்கள் தொழிலில் "நேம்" என்று பெயர். அச்சுப் பக்கத்துக்கு மை, அளவுகோல், உதவியாளர்கள் எல்லாம் வேண்டும். நேமுக்கு ஒரு பென்சிலும் பேப்பரும் போதும். அதனால் அதைத் தூக்கிக்கொண்டு காப்பிக்கடைக்கோ, இரவு வெகுநேரம் திறந்திருக்கும் குடும்ப உணவகத்துக்கோ போய்விடுவார்கள். ஒரு காப்பிக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் வந்து நேமைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதும் இதே மேஜையில்தான்.

எந்தக் கடை என்று சொல்லி ஒரு கலைஞரின் நிம்மதியைக் கெடுக்க மாட்டேன். ஆனால் ஜிம்போச்சோ போங்கள். பழைய புத்தகக் கடைகள் நூற்றுக்கு மேல் வரிசையாக நிற்கிற பேட்டை. ஷுயெய்ஷா, ஷோகாகுகான் என்ற இரண்டு பெரிய மாங்கா பதிப்பகங்களும் நடக்கிற தூரம். சந்துக்குள் லாத்ரியோ 1949 முதல் இருக்கிறது, சபோரு 1955 முதல். இரண்டிலும் வெளிச்சம் கம்மி, மரமும் செங்கல்லும் அதிகம். லாத்ரியோவில் கிரீம் போட்ட வியன்னா காப்பி வாங்குங்கள், ஜப்பானில் அதை முதலில் விற்றதே தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

ஓசுவின் இடங்கள்?

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

சிகாசாகி என்ற கடலோர ஊரில் சிகாசாகிகான் என்று ஒரு விடுதி, 1899-இல் தொடங்கியது. 1940-களின் இறுதியிலிருந்து ஓசுவும் அவருடைய திரைக்கதைத் துணைவர் கோகோ நோதாவும் மாதக்கணக்கில் இங்கே அறை போட்டு எழுதினார்கள். உலகின் மிகச்சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இடம்பிடிக்கிற, டோக்கியோவுக்கு வந்த வயதான பெற்றோரின் கதையான "டோக்கியோ ஸ்டோரி" எழுதப்பட்டது இங்கேதான். ஓசு அறையிலேயே கணப்பில் சட்டி வைத்துச் சமைப்பார். அவருடைய விசேஷம், சுகியாகி என்கிற மாட்டிறைச்சிக் குழம்பில் கறிப்பொடி தூவுவது! வந்தவர்கள் எல்லோருக்கும் அது பிடித்ததா என்பது வேறு விஷயம். அவர் சமைத்த புகையின் கறை கூரையில் இன்னும் இருக்கிறது என்பார்கள். பின்னாளில் இயக்குநர் ஹிரோகசு கொரே-எடாவும் அந்த விடுதியில் தங்கித் திரைக்கதை எழுதியிருக்கிறார். ஓசுவின் அறையில் தங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

திரும்பும் வழியில் கித-கமாகுரா நிலையத்தில் இறங்குங்கள். ஓசுவின் 1949-ஆம் வருடப் படமான "லேட் ஸ்பிரிங்" இந்த நடைமேடையில்தான் தொடங்கும். நிலையத்தை ஒட்டி எங்காகு-ஜி கோயில், 1282-இல் கட்டியது. அதன் இடுகாட்டில் ஓசுவின் கல்லறை. 1903 டிசம்பர் 12-இல் பிறந்து, 1963-இல் அதே டிசம்பர் 12-இல், சரியாக அறுபதாவது பிறந்தநாளில் இறந்தார். நமக்கு அறுபதாம் கல்யாணம் எப்படியோ அப்படி ஜப்பானிலும் அறுபது ஒரு கணக்கு. கல்லில் பெயர் இல்லை, "மு" என்ற ஒரே எழுத்துதான். இன்மை, வெறுமை, ஒன்றுமில்லாதது, எப்படியும் சொல்லலாம். ரசிகர்கள் சாக்கே என்கிற அரிசி மது பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

டோக்கியோவிலேயே ஓசுவைத் தேடுகிறவர்களுக்கு உவெனோவில் ஹொராயியா இருக்கிறது. பன்றிக்கறி கட்லெட் கடை. ஓசு விரும்பிச் சாப்பிட்டது. பன்றி சாப்பிடாதவர்கள் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

மியாசாகி? டோட்டோரோ காடு உண்மையா?

உண்மை. டோக்கியோவுக்கும் சைத்தாமாவுக்கும் எல்லையில் இருக்கும் சயாமா குன்றுகள். அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி குடியிருக்கும் தொகோரோசாவா அதன் ஓரத்தில் இருக்கிறது. தினமும் நடந்து பார்த்த இடம்தான் 1988-இல் டோட்டோரோ என்ற காட்டு ஆவியின் படத்துக்குள் போனது. படம் வந்த பிறகு, வீட்டு மனைக்காரர்கள் காட்டைக் கூறு போடுவதைத் தடுக்க ஒரு நிதி தொடங்கினார்கள். மக்கள் போட்ட காசில் 1991-இல் முதல் துண்டு நிலத்தை வாங்கி "டோட்டோரோ காடு 1" என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. போய்ப் பார்த்தால் சாதாரண ஓக் மரக்காடு, ஒரு போர்டு, கீழே சருகு. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கூட வந்தவர் "இதைப் பார்க்கவா ஒன்றரை மணி நேரம் ரயிலில் வந்தோம்?" என்றார். இரண்டுமே நியாயம்.

அவர் வீட்டுப் பக்கம் யானாசே ஆற்றங்கரையில் ஃபுச்சி-நோ-மோரி என்று ஒரு சின்னத் தோப்பு. அதுவும் விற்பனைக்கு வந்தபோது அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து காப்பாற்றினார். குப்பை பொறுக்கும் நாளில் அவரே இறங்கிச் சுத்தம் செய்வதும் உண்டு. அங்கே போய் அவர் வருவாரா என்று காத்திருக்காதீர்கள், ப்ளீஸ்.

சுலபமாகப் போகக்கூடிய இடம் கொகானெய் பூங்காவுக்குள் இருக்கும் எதோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டிட அருங்காட்சியகம். இடிக்கப்போன பழைய வீடுகள், கடைகளை எல்லாம் பெயர்த்துக் கொண்டுவந்து தெருவாகவே நிறுத்தியிருக்கிறார்கள். மியாசாகியின் ஸ்டுடியோவான கிப்லியும் அதே ஊரில். 2001-இல் வந்த "ஸ்பிரிட்டட் அவே" என்ற குளியல் மாளிகைப் படத்துக்கு இந்தத் தெருவிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். அதில் ஆறு கைத் தாத்தா மருந்து எடுக்கும் இழுப்பறைகள் நினைவிருக்கிறதா? தாகெய் சன்ஷோதோ என்ற எழுதுபொருள் கடைக்குள் நுழைந்து சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து கூரை வரை குட்டிக் குட்டி இழுப்பறை. தெருக்கோடியில் 1929-இல் கட்டிய பொதுக் குளியலறை. அருங்காட்சியகத்தின் சின்னமான எதோமாரு என்ற புழுவை வரைந்து கொடுத்ததும் மியாசாகிதான்.

கிப்லி அருங்காட்சியகத்துக்கு வாசலில் டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்காது. மாதாமாதம் 10-ஆம் தேதி அடுத்த மாதத்துக்கான டிக்கெட் இணையத்தில் திறக்கும், திறந்ததும் தீரும். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். மிதாகா நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

ஷின்காயின் படிக்கட்டு எங்கே?

யோட்சுயாவில் சுகா கோயில் பக்கத்துப் படிகள், சிவப்புக் கைப்பிடி. அனிமேஷன் இயக்குநர் ஷின்காயின், 2016-இல் வந்த "யுவர் நேம்" படத்தின் கடைசிக் காட்சி. படியின் இருபுறமும் வீடுகள், ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

மகோடோ ஷின்காய் நாகானோ மாநிலத்தின் கொஉமி என்ற மலை ஊரில் பிறந்து, படிக்க டோக்கியோ வந்தவர். நகரத்தை அவர் இன்னும் வெளியூர்ப் பையனின் கண்ணால்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றும். உள்ளூர்க்காரன் மின்கம்பியையும் ரயில் பாலத்தையும் இவ்வளவு ஆசையாக வரைவானா? அவர் மனசு தெரிய வேண்டுமென்றால் ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் தெற்கு வாசலில் நின்றுவிட்டு, ஷின்ஜுகு கியோயென் தோட்டத்துக்குள் மழை நாளில் போங்கள். 2013-ஆம் வருடப் படத்தில் அந்தப் பெண் காலையிலேயே பியர் குடிப்பாரே, அந்தத் தோட்டம். நிஜத்தில் அங்கே மது தடை. திங்கட்கிழமை விடுமுறை. இதைப் பார்க்காமல் போய் மூடிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் சொல்கிறேன்.

ஸ்லாம் டங்க் ரயில்வே கேட்?

ஸ்லாம் டங்க் என்கிற கூடைப்பந்து மாங்காவின் அனிமேஷனில் வருகிற கேட், கமாகுராகோகோ-மயே நிலையத்தின் பக்கத்தில். கடல், தண்டவாளம், பச்சை ரயில், எல்லாம் அப்படியே இருக்கும். கூடவே நூறு செல்போனும் இருக்கும். ரோட்டின் நடுவில் நின்று படமெடுக்கிறவர்களை ஒழுங்குபடுத்த நகராட்சி காவலாளிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. நீங்கள் போகாவிட்டால் ஒன்றும் குறையாது.

ஒரே நாள்தான் இருக்கிறது. கூட்டமில்லாமல், மாங்காவும் சினிமாவும் சேர்ந்து?

கட்சுஷிகா வார்டு. வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத கிழக்கு டோக்கியோ.

காலையில் கமெஆரி. ஒசாமு அகிமோதோ இங்கே பிறந்தவர். 1976 முதல் 2016 வரை வாரம் தவறாமல் ஒரு ஊதாரிப் போலீஸ்காரரின் கதையை வரைந்து, 200 தொகுதிகள் முடித்து நிறுத்தினார். சொந்த ஊர்ச் சந்துகளைத்தான் வரைந்தார். ஊரும் பதிலுக்கு அந்தப் போலீஸ்காரருக்குத் தெருவெல்லாம் வெண்கலச் சிலை வைத்திருக்கிறது.

அங்கிருந்து ரயில் மாறி ஷிபாமாதா. யோஜி யமதா 1969-இல் தொடங்கிய தோரா-சான் படங்களின் ஊர். கையில் பெட்டி, தலையில் தொப்பி, ஊர் ஊராகச் சரக்கு விற்றுவிட்டு, காதலில் தோற்று வீடு திரும்புகிற அண்ணன். வேடம் போட்ட கியோஷி அட்சுமி சாகும் வரை 48 படங்கள். நிலையத்து வாசலில் தோரா-சான் திரும்பிப் பார்த்தபடி நிற்கிறார். அவர் பார்க்கிற பக்கம், சற்றுத் தள்ளி, தங்கை சகுரா. அண்ணன் சிலைக்குப் பதினெட்டு வருடம் கழித்து, 2017-இல்தான் தங்கைக்கு வைத்தார்கள். அதுவரை அவர் யாரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாரோ! கோயில் தெருவில் பச்சை நிறக் கொழுக்கட்டை மாதிரி ஒரு பண்டம் விற்பார்கள், மேலே இனிப்புப் பயறு. கோயிலுக்குப் பின்னால் எதோகாவா என்ற ஆறு, துடுப்புப் போடும் படகு. யமதா இந்த ஊர்க்காரர் இல்லை. ஊர் இல்லாதவன் தேர்ந்தெடுத்த ஊர் என்பதால்தான் இவ்வளவு ஆசையோ என்னவோ.

சாயங்காலம் யோட்சுகி. கேப்டன் சுபாசாவை வரைந்த யோயிச்சி தாகஹாஷியின் ஊர். நிலையம் முழுக்கக் கால்பந்துதான்.

டோக்கியோவுக்கு வெளியே ஒன்றிரண்டு?

தொத்தோரி மாநிலத்தில் சகாயிமினாதோ. பேய்க்கதை மன்னர் ஷிகெரு மிசுகி வளர்ந்த மீன்பிடித் துறைமுகம். இரண்டாம் உலகப் போரில் பப்புவா நியூகினி பக்கம் ரபவுலில் இடது கையை இழந்து, மிச்ச வாழ்நாள் முழுக்க ஒற்றைக் கையால் வரைந்தவர். கடைத்தெரு செத்துக்கொண்டிருந்தபோது 1993-இல் 23 பேய்ச் சிலைகளோடு ஆரம்பித்தார்கள், இப்போது 170-க்கும் மேல். பல சிலைகள் ஒரு சாண், ஒரு முழம் உயரம்தான். இரவில் விளக்குகள் தரையில் பேய் நிழல்களை விழவைக்கும். ஊர் நிர்வாகம் வைத்த சிலைகளில் நான் மன்னிப்பது இவற்றைத்தான்.

யமகுச்சி மாநிலத்தில் உபே. எவாஞ்சலியன் அனிமேஷன் தொடரை எடுத்த ஹிதேயாகி அன்னோவின் சொந்த ஊர். இருபத்தைந்து வருடம் ரோபோக்களையும் உலக அழிவையும் காட்டிவிட்டு, 2021-இல் கடைசிப் படத்தை உபே-ஷின்கவா என்ற சின்ன ரயில் நிலையத்தில் கொண்டுவந்து முடித்தார். சுற்றிலும் தொழிற்சாலைக் குழாய்கள். அவர் ஏன் அப்படி எந்திரங்களை வரைகிறார் என்பதற்கு அந்த நடைமேடையில் நின்றாலே பதில் கிடைக்கும்.

ஹிரோஷிமாவில், நம்புங்கள், குப்பை எரிக்கும் ஆலை. கட்டிடக் கலைஞர் யோஷியோ தனிகுச்சி வடிவமைத்தது, 2004-இல் வந்தது. இயக்குநர் ரியூசுகே ஹமாகுச்சியின் 2021-ஆம் வருடப் படமான "டிரைவ் மை கார்"-இல், கார் ஓட்டும் பெண்ணிடம் "உனக்குப் பிடித்த இடத்துக்குக் கூட்டிப்போ" என்கிற மாதிரி ஒரு சந்தர்ப்பம் வரும், அவள் அழைத்துப் போவது இங்கேதான். அமைதி நினைவிடத்திலிருந்து கடலுக்குப் போகிற நேர்கோடு மறைந்துவிடக்கூடாது என்று ஆலையின் நடுவே கண்ணாடி நடைபாதை விட்டிருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

தமிழ்ப் படத்துக்கு ஏதாவது இடம் உண்டா?

ஷிபுயாவில் சினிமா ரைஸ் என்ற தியேட்டர். 1998-இல் ரஜினியின் முத்து இருபது வாரங்களுக்கும் மேல் ஓடியது இங்கேதான். 2016 ஜனவரியில் மூடிவிட்டார்கள். கோணல்மாணலான அந்தக் கட்டிடம் ஸ்பெயின் சரிவு என்கிற சின்னத் தெருவின் உச்சியில் இருக்கிறது. நான் போனபோது கூட வந்த ஜப்பானிய நண்பர், நான் சொல்லாமலே நின்று, துண்டைத் தோளில் போடுவது போல ஒரு சைகை செய்தார்.

ஜப்பானிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

ரயிலுக்குப் பிரச்சினையே இல்லை. சின்னக் கடைகளில் கைக்காசு வைத்துக்கொள்ளுங்கள், கார்டு வாங்காத இடங்கள் இன்னும் உண்டு. போட்டோ எடுக்குமுன் கேமராவைக் காட்டி "ஷாஷின், ஈ தெஸ்கா?" என்று கேளுங்கள். இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து பெருக்கல் குறி காட்டினால், வேண்டாம் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டேதான் காட்டுவார்கள்.